காலையிலிருந்து படித்தவர்

மேடையில் உட்கார்ந்திருக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பேராசிரியர் குழந்தைவேலுவுக்கு அத்துபடி. பேசுகிறவர் பக்கம் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு, நல்ல வரி வரும்போது ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தால் போதும், மனுஷன் உருகிப்போய்க் கேட்கிறார் என்று கூட்டம் நம்பிவிடும். ஈரோட்டில் அவர் இல்லாமல் புத்தகக் கூட்டம் நடந்ததில்லை, நடந்திருந்தால் அதைக் கூட்டம் என்று அவர் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், கல்யாண மண்டபத்து மாடி ஹாலில், கீழே யாரோ வீட்டுக் காதுகுத்துக்குத் தாளிக்கிற வாசம் படியேறி வந்துகொண்டிருந்தபோது, அவருடைய முகம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மைக்கில் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர், சுலோச்சனா அம்மாவின் நாவல்களைப் படித்ததிலிருந்து தன் செல்போனைக் குப்புறக் கவிழ்த்துவைத்துவிட்டுத்தான் தூங்குவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் சிரித்தது. குழந்தைவேலுவும் சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றுபோனது. ஹாலின் கடைசியில், புத்தக மேசையை ஒட்டிய கதவில் சாய்ந்துகொண்டு ஒருவன் நின்றான். வெள்ளைச் சட்டை, சவரம் செய்யாத முகம், தோளில் ஒரு பை. கையில் வண்டிச் சாவி எதுவும் இல்லை, பஸ்ஸில் வந்திருக்கிறான். சுலோச்சனா வீட்டு ஷோகேஸ் போட்டோவில் தங்கையின் தோள்மேல் கை போட்டுக்கொண்டு நின்றவன்தான். யோகேஷ், அந்த அம்மாவின் மகன். கூட்டத்துக்கு அவனும் வர்றேன்னிருக்கான் சார் என்று சுலோச்சனா சொன்னபோது, எங்கே வரப்போகிறான் என்றுதான் குழந்தைவேலு நினைத்தார். நினைத்தார் என்ன, வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டார்.

இப்போது அவன் வந்துவிட்டான், இன்னும் இரண்டு பேர் பேசியபின் இவர் பேச வேண்டும், ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் தப்பாகப் படித்தேன். அவ்வளவுதான். நாலு வயதுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஸ்லேட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தேன் என்று சொல்வதில் என்ன வெட்கம்? அவர் பக்கத்து நாற்காலியைப் பார்க்காமல் பார்த்தார். சுலோச்சனா கைத்தறிச் சேலையின் முந்தானையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, பேசுகிறவர் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மின்வாரியத்தில் இன்ஜினீயராக இருந்து ஓய்வுபெற்றவர், ஓய்வுக்கு அப்புறம் எழுத உட்கார்ந்தவர், மேடையில் உட்காரத் தெரியாதவர். காலை நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்திருந்தார், ஆஸ்பத்திரி வராந்தாவில் கூப்பிடுவதற்காக உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி. அந்த அம்மா இவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது. கேட்டிருந்தால் மறுத்திருக்கலாம், கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம், கோபத்தில் இவரை ஜெயிக்க ஆளில்லை. மேடையேறியதும் வணக்கம் சொல்லிவிட்டு, தண்ணி பாட்டில் மூடியைத் திருகித் திறந்து இவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அந்தத் தண்ணீரை இன்னும் இவர் குடிக்கவில்லை.

புத்தகம் நாலு. அந்தி, நள்ளிரவு, வைகறை, காலை. ஒரு நகரத்தின் மின்சாரம் முழுவதையும் பார்த்துக்கொள்கிற செயற்கை அறிவு ஒன்று, அதற்குப் பெயர் ஆதன். அதற்குப் பேச்சுக் கற்றுக்கொடுக்கிற பெண்ணுக்குப் பெயர் மங்கை. ஆயிரத்துச் சொச்சம் பக்கம், நடுநடுவே கணக்கு, ஒரே சம்பவத்தை ஆதன் ஒரு விதமாகவும் மங்கை வேறு விதமாகவும் சொல்லும் அத்தியாயங்கள், போதாததற்கு இயந்திரம் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் நீளமான இடங்கள். பாகம் மூன்று என்று அட்டையில் போட்டால் ஆள் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவான் என்று பதிப்பாளர் எண்ணே போடவில்லை. நாலையும் கைக்கு வந்தபடி ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கி மதிப்புரைக்கு அனுப்பினார். குழந்தைவேலு பெட்டியைப் பிரித்தார், காலை என்ற புத்தகத்தை எடுத்துக்கொண்டு சாய்வு நாற்காலிக்குப் போனார். நாள் என்றால் காலையில்தானே தொடங்கும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பெட்டிக்குள் எழுத்தாளரின் போன் நம்பர் இருந்தது. ஒரு போன். அம்மா, இதில் எது முதல் என்று ஒரு கேள்வி. மதிப்புரையாளர் எழுத்தாளரிடம் அதெல்லாம் கேட்பதா, அதுவும் முதன்முதலில் எழுதுகிற ஒரு ஈபி இன்ஜினீயரிடம் தமிழ்ப் பேராசிரியர் கேட்பதா? கேட்கவில்லை. காலையில் மங்கைக்குத் தலை முழுக்க நரை, அடுத்து எடுத்த அந்தியில் கருகருவென்று சடை. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டு, எங்கேயோ இடிக்கிறதே என்று தலையைச் சொறிந்திருப்பார்கள். குழந்தைவேலுவுக்குத்தான் படிப்பு அதிகமாயிற்றே. காலையில் நாம் பார்ப்பது ஆதனின் கண் வழியாக, அப்போதுதான் பிறந்த இயந்திரத்தின் பார்வை பழுதுபட்டது, அதனால்தான் இளம்பெண் கிழவியாகத் தெரிகிறாள் என்று ஒரு கொள்கையை நிறுவினார். நரைத்த முடி கறுத்ததற்குப் பக்கம் பக்கமாக விளக்கம். இப்போது நினைத்தால் காதுமடல் சுடுகிறது. ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்று வீட்டில் மனைவி பரிமளம்கூடச் சொன்னாள், அவள் இலக்கியம் படித்தவள் இல்லை, காய் வாங்குவதற்கு முன்னால்கூட எது இன்றைக்கு வந்தது என்று கேட்டு வாங்குகிறவள்.

தொட்டிலிலிருந்து சுடுகாடு வரை, அதுதான் கட்டுரைக்கு அவர் வைத்த தலைப்பு. காலையில் ஆதன் குழந்தை, மங்கை மடியில் போட்டு வளர்ப்பதுபோல அதற்கு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித்தருகிறாள். அந்தியில் வளர்கிறது. நள்ளிரவில் பொய் சொல்லப் பழகுகிறது. வைகறையில் ஊர் முழுக்க மின்சாரம் போதாமல் போகிறபோது, எந்தப் பகுதியை அணைத்தால் சேதம் குறைவு என்று கணக்குப் போட்டு ஒரு தெருவை அணைக்கிறது, அந்தத் தெருவில் மங்கையின் மகள் மூச்சுக் கருவியோடு படுத்திருக்கிறாள். மகள் செத்துப்போகிறாள். அத்தோடு முடிந்தது கதை. நம்மை அழிக்கப்போவதை நாமே சோறூட்டி வளர்க்கிறோம் என்று அவர் கடைசி வரி எழுதியபோது அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது. அதுவரை நாலு பேர் படிக்காத புத்தகத்தை அப்புறம் ஊரே படித்தது. படித்தவர்கள் எல்லோரும் காலையிலிருந்து படித்தார்கள். யூடியூபில் ஒரு பெண் மூக்கைச் சிந்திக்கொண்டே பேசினாள். ஒரு பள்ளி ஆசிரியை தன் பிள்ளையை செல்போனோடு பேசக்கூடாது என்று கண்டித்துவிட்டதாக எழுதினார். இரண்டாம் பதிப்பில் பதிப்பாளர் தைரியமாக எண் போட்டார், காலைக்கு ஒன்று. கட்டுரையை முன்னுரையாகவும் சேர்த்துவிட்டார். அச்சானபிறகுதான் அந்த அம்மாவுக்கே சொன்னாராம். அந்த முன்னுரை போட்ட புத்தகம்தான் இப்போது கதவோரத்து மேசையில் அடுக்கி வைத்திருக்கிறது. யோகேஷ் அதில் ஒன்றை எடுத்துப் புரட்டிவிட்டுத் திரும்ப வைத்தான். எந்தப் பக்கத்தைப் புரட்டினானோ, முன்னுரையாக இருக்கக்கூடாது கடவுளே.

வங்கி அலுவலர் உட்கார்ந்தார், கைதட்டல். அடுத்து சாஃப்ட்வேர் இளைஞன் ஒருவன் பெரிய சார்ட் ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஆதன் எந்தப் புத்தகத்தில் எதைக் கற்றது, எதை மறந்தது என்று அம்புக்குறி போட்டுக் காட்டினான். அம்புகள் எல்லாம் காலையிலிருந்து கிளம்பின. ஒரே ஒரு இடம் மட்டும் தனக்கு ஒட்டவில்லை என்றான் அவன், காலையில் ஆதனின் நினைவகம் காலியாக இருக்கிறது, ஆனால் அழிக்கப்பட்ட தடம் ஒன்று அதில் இருப்பதாக ஒரு வரி வருகிறது, பிறக்கும்போதே அழித்த தடம் எப்படி வரும், சார்தான் விளக்க வேண்டும் என்று மேடையைப் பார்த்தான். பிடித்துவிட்டான் பயல். வைகறைக்கும் காலைக்கும் நடுவில் ஆதன் தன் நினைவைத் தானே அழித்துக்கொண்டது, அதற்கு அப்புறம் மிஞ்சியது அந்தத் தடம், அந்தப் பையன் சார்ட்டில் காலையைக் கடைசிக்குக் கொண்டுபோனால் எல்லாம் சரியாகிவிடும். இவர் பெரிய மனுஷத் தோரணையில் தலையை அசைத்தார், அருமையான கேள்வி என்பதுபோல. அந்தத் தலையசைப்பு எங்கிருந்து வந்தது? தலை தானாகவே அசைகிறது, பழக்கம். முதல் வரிசையில் ஹேமாவதி தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள். அவருடைய ஆய்வு மாணவி, இந்த நாலு நாவலையும் வைத்துத்தான் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள், இயல் இயலாக எல்லாம் அவருடைய வரிசைமேல் கட்டியது, அடுத்த மாதம் கொடுக்க வேண்டும். அவள் அப்பா பவானியில் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். இன்றைக்கு மைக்கில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் அவளுடைய ஆய்வு என்ன ஆகும்? பார், இங்கேயும் ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. ஹேமாவதிக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறாயா குழந்தைவேலு? அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா, நான் சொன்னதில் தப்பு இருக்கிறது, இதையே ஒரு இயலாக எழுது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பெண்ணை முன்னால் நிறுத்திக்கொண்டு பின்னால் ஒளிகிறாய். இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் ஒரு நொடி மனசு லேசானது, தன்னைத் திட்டிக்கொண்டால் பாதி கடன் அடைந்துவிடும் என்பதுபோல. அந்த லேசும் பிடிக்கவில்லை.

போன வாரம் அழைப்பிதழைக் கொடுக்கிற சாக்கில் முதன்முறையாக அந்த வீட்டுக்குப் போனார். போகாமலே இருந்திருக்கலாம். காப்பி வந்தது, காராசேவு வந்தது, ஷோகேஸில் சந்தன மாலை போட்ட ஒரு பெண்ணின் படமும் அதன் பக்கத்தில் அண்ணன் தங்கை சேர்ந்து நின்ற படமும் இருந்தன. பாப்பா தாரணி, என்றார் சுலோச்சனா, கேட்காமலே. தாராபுரத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போய்விட்டு விடிகாலையில் திரும்பி வரும்போது, கார் ஓட்டிய யோகேஷ் ஒரு கணம் கண் அசந்துவிட்டான். அவன் பிழைத்துக்கொண்டான், பக்கத்து சீட்டில் இருந்தவள் பிழைக்கவில்லை. அதற்கப்புறம் அவன் ஓசூருக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டான், ஞாயிறுகளில் போன் பண்ணுவான், சாப்பிட்டீங்களா என்பான், வைத்துவிடுவான். உன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லையடா என்று வாயால் சொன்னால் எழுந்து போய்விடுவான், அதனால்தான் எழுதினேன் என்றார் அந்த அம்மா, ரொம்ப சாதாரணமாக, ரசத்துக்குப் புளி பத்தவில்லை என்று சொல்கிற குரலில். அவன் சின்ன வயதிலிருந்து விண்வெளி, ரோபோ என்றுதான் படிப்பான், அதனால் அந்த மாதிரியே எழுதினாராம். குழந்தைவேலு காப்பியை ஆற்றிக்கொண்டே, மகள் சாவோடு நாவல் முடிவது அப்படியானால் எவ்வளவு துணிச்சல் என்று சொல்லிவைத்தார். இப்போது அந்த வார்த்தையை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. சுலோச்சனா ஷோகேஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"காலைதானுங்க சார் கடைசி. எங்களுக்கெல்லாம் அந்தியிலதான் நாளே தொடங்கும். ஊரு பூரா ஒரே நேரத்துல லைட்டைப் போடுவாங்க, லோடு ஏறும். அதைத் தாண்டுனாத்தான் அன்னிக்கு வேலை பாத்த கணக்கு. சப்ஸ்டேஷன்ல இருந்த பழக்கம், அப்படியே எழுதிட்டேன். எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்."

எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன். அந்த அம்மா தன்மேல்தான் தப்பைப் போட்டுக்கொண்டார். கட்டுரை வந்த உடனே ஏன் சொல்லவில்லை என்று இவர் கேட்டார், கேள்வி அதட்டலாக வெளியே வந்தது, தப்பு செய்தவனுக்குக் குரல் உயரும். நீங்க எழுதுனப்புறந்தான் நாலு பேர் படிக்கவே ஆரம்பிச்சாங்க, படிக்கிறவங்களைப் போய் தப்புன்னு சொல்ல வாய் வருதுங்களா என்றார். அவனும் படித்தான். எண் போட்ட பதிப்பைத்தான் வாங்கிப் படித்தான், ஒன்றிலிருந்து, முன்னுரையிலிருந்து. படித்து முடித்ததும் ஒரு செய்தி அனுப்பினான், புரிஞ்சுதும்மா என்று. பொங்கலுக்கு வரவில்லை, தீபாவளிக்கும் வரவில்லை. அவனுக்குப் புரிந்தது இதுதான்: என்னைச் சோறூட்டி வளர்த்தாய், நான் உன் பெண்ணைக் கொன்றேன், கதை அத்தோடு முடிந்தது. காலைதான்டா கடைசி என்று போனில் அழுதே சொல்லியிருக்கிறார். நீங்க எனக்காக மாத்திச் சொல்றீங்க, அந்தப் பேராசிரியர் எழுதியிருக்கறதுதான் சரியா வருது என்றானாம் மகன். சரியாக வருகிறதாம். நரைத்த முடி கறுத்ததற்கு இவர் கண்டுபிடித்த விளக்கத்தை அவனும் நம்பியிருக்கிறான். இதையெல்லாம் சொல்லிவிட்டு சுலோச்சனா காராசேவுத் தட்டை இவர் பக்கம் தள்ளினார், கூட்டத்துக்கு அவனும் வர்றேன்னிருக்கான் சார் என்றார். தாய் சொன்னால் நம்பாதவன் இவர் சொன்னால் நம்புவான், மைக்கில் சொன்னால், எல்லார் முன்னாலும் சொன்னால். இதைக் கேட்பதற்குக்கூட அந்த அம்மாவுக்குக் கூச்சம். குழந்தைவேலு செருப்பை மாட்டும்போது நிச்சயமாகச் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தார். தெருமுனை திரும்புவதற்குள் அந்த முடிவில் ஒரு நெளிவு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து நாலையும் சரியான வரிசையில் படித்தார். வைகறையை மூடிவிட்டு காலையை எடுத்தார். மகளைப் புதைத்து வருஷங்கள் ஆன, தலை முழுக்க நரைத்த மங்கை, எல்லோரும் உடைத்துப் போடச் சொல்கிற இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். நினைவெல்லாம் அழிந்துபோன ஆதனுக்கு, இது விளக்கு, இது தண்ணீர் என்று முதலிலிருந்து சொல்லித்தருகிறாள். சுவிட்சைத் தொடும்போது மங்கையின் கை நடுங்கியது என்று ஒரு வரி. அது படைப்பவளின் பரவசம் என்று இவர் கட்டுரையில் எழுதியிருந்தார். பரவசம். தன் பெண்ணைக் கொன்றதைத் தன் கையால் திரும்ப எழுப்புகிறவளின் கைக்குப் பரவசமாம். உனக்குப் பிள்ளைகள் உண்டா என்று ஆதன் கேட்கிறது, ஒன்றும் அறியாமல். மங்கை ஜன்னல் பக்கம் போய்விட்டு வந்து சொல்கிறாள், நீ இருக்கிறாயே. அந்த இடத்தை முன்பு படித்தபோது மலடியின் ஏக்கம் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார், அவருடைய கையெழுத்துதான், அழகான கையெழுத்து. பென்சில் எழுத்தை ரப்பரால் அழிக்கப் பார்த்தார், பக்கம் கசங்கியது. நீ இருக்கிறாயே. ஒரு தாய் தன் மகனுக்குச் சொல்ல முடியாமல் ஆயிரம் பக்கம் சுற்றி வந்து சொன்ன வார்த்தை. அதை அவன் வாசலிலேயே மறித்துத் தொட்டிலுக்கும் சுடுகாட்டுக்கும் அனுப்பிவைத்தவர் இவர். குழந்தைவேலு அன்றைக்கு அழுதார். அழுதது உண்மைதான், அழுது முடித்ததும் இதையே ஒரு கட்டுரையாக எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியதும் உண்மைதான்.

நான் தப்பாகப் படித்தேன். உதட்டுக்குள் சொல்லிப்பார்த்தார். மைக்கில் இப்போது ஆசிரியை ஒருவர் பேசிக்கொண்டிருந்தார், ஆதன் மாதிரி ஒன்று தன் வகுப்பிலும் வரப்போவதாகப் பயம் காட்டினார்களாம், ஆதனுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது மனிதர்கள்தானே என்றார், கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. தப்பாக என்பது கொஞ்சம் கடுமை. இலக்கியத்தில் தப்பான வாசிப்பு என்று ஒன்று உண்டா? மாறாகப் படித்தேன் எனலாம். வேறாகப் படித்தேன். வேறு என்ற சொல்லில் ஒரு கண்ணியம் இருக்கிறது. வேறு வரிசையிலும் படிக்க இடம் இருக்கிறது என்று தொடங்கிவிட்டு, மெல்ல ஆசிரியரின் வரிசைக்கு வந்து, அப்போது காலை எப்படி வேறொரு காலையாக ஆகிறது என்று... இல்லை. இல்லை. ஐந்தே வார்த்தை. காலைதான் கடைசி, நான் தப்பாகப் படித்தேன். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். அப்புறம் என்ன நடக்கும்? கூட்டத்தை நடத்துகிற வாசகர் வட்டம் ஜெகநாதன் வாயைப் பிளப்பார், ஜவுளிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து நாளைக்கு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்வார். கல்லூரியில் சிரிப்பார்கள். இளநரைக் கொள்கை என்று பேர் வைப்பார்கள். வைக்கட்டும், ஒரு பிள்ளை தன் தாய் வீட்டுக்குப் போவதைவிட அது பெரிதா? பெரிதில்லை. பெரிதில்லை என்று தெரிந்தும் அந்தச் சிரிப்பு இப்போதே காதில் கேட்கிறதே. கதவோரம் பார்த்தார். யோகேஷ் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான், மகன் பார்ப்பதைத் தாய் கவனிக்காத சமயமாகப் பார்த்து. அம்மா திரும்பினால் சட்டென்று கண்ணைக் கீழே போட்டான். இத்தனை தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறான், ஏதோ ஒன்றை எதிர்பார்க்காமலா வந்தான்? சொல்லிவிடு. இன்றைக்குச் சொல்லாவிட்டால் பிறகு எப்போது.

ஜெகநாதன் மைக்கை வாங்கிக்கொண்டு, அடுத்ததாக, இந்தப் பெரிய பூட்டுக்குச் சாவி கண்டுபிடித்தவர், அவர் இல்லையென்றால் நமக்கெல்லாம் இந்த நாவல் திறந்தே இருக்காது என்று சொல்லிக் குழந்தைவேலுவை அழைத்தார். பலத்த கைதட்டல். சுலோச்சனாவும் கைதட்டினார். மைக்குக்கு முன்னால் வந்து நின்றதும் அவருக்குக் கூட்டம் தெரிந்தது, ஒவ்வொருவர் மடியிலும் எண் போட்ட புத்தகம், ஹேமாவதியின் திறந்த பேனா, சார்ட்டைச் சுருட்டி நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்த இளைஞன். தொண்டையைச் செருமினார். இந்த நாவலை வேறு வரிசையிலும் படிக்க முடியும் நண்பர்களே என்றார். நேராகப் பார்த்தார், யோகேஷ் கதவிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து நின்றான். பக்கவாட்டில் சுலோச்சனாவின் கை சேலை முந்தானையை இறுக்கிப் பிடித்தது தெரிந்தது. ஏன், காலையைக் கடைசியில் வைத்துக்கூடப் படிக்கலாம் என்றார். இதோ, வந்துவிட்டது, இன்னும் ஒரு அடி. எப்படிப் படித்தாலும் இடம் கொடுப்பதுதான் பெரிய படைப்பின் பலம் என்றது அவருடைய வாய். யாரோ பலே என்றார்கள், கைதட்டல் எழுந்தது, அந்தக் கைதட்டல் அவரைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டது. ஆனாலும் காலையிலிருந்து தொடங்கிப் படிக்கும்போது கிடைக்கிற அந்த அதிர்ச்சி இருக்கிறதே, என்று தொடர்ந்தார், தொட்டில் வந்தது, சுடுகாடு வந்தது, அழித்த தடத்துக்குக்கூட அங்கேயே நின்றபடி ஒரு விளக்கம் வந்துவிட்டது, பிறவிக்கு முந்திய மறதி என்று. இளைஞன் அதைக் குறித்துக்கொண்டான். வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது, உள்ளே ஒருவர் அதன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார், நிறுத்தடா, நிறுத்தடா என்று. முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சுலோச்சனா முந்தானையை விட்டிருந்தார். நல்லாப் பேசுனீங்க சார் என்றார். சொல்வதற்காகத்தான் சொன்னார் என்று நினைக்கவும் முடியவில்லை, அந்த அம்மா அப்படிப் பேசத் தெரிந்தவர் இல்லை, நல்லாப் பேசினார் என்றுதான் நினைத்திருப்பார்.

ஜெகநாதன் சால்வைகளை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். சால்வை முடிந்ததும் ஆசிரியரின் ஏற்புரை. குழந்தைவேலு எழுந்தார், கொஞ்சம் கீழே போய் வருகிறேன் என்று கையால் சாடை காட்டிவிட்டு மேடைப் படியில் இறங்கினார். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடக்கும்போது ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார், ஒருவர் புத்தகத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார், அவர் எழுதாத புத்தகத்தில் கையெழுத்து. போட்டுக் கொடுத்தார். தனியாகச் சொல்லிக்கொள்ளலாம், அவனுக்குத் தெரிந்தால் போதாதா, ஊருக்கு எதற்கு, இதை முதலிலேயே யோசித்திருக்கலாம் என்று தேறுதல் சொல்லிக்கொண்டே கதவுக்கு வந்தார். கிட்டத்தில் பார்த்தபோது அவனுக்கு அம்மாவின் மூக்கு. யோகேஷ்தானே என்று கேட்டார். அவன் கைகூப்பினான். குழந்தைவேலு அவன் முழங்கையைப் பிடித்துக் கதவுக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய், மூச்சு விடாமல் சொன்னார்.

"காலைதான் தம்பி கடைசிப் புத்தகம். நான் மாத்திப் படிச்சுட்டேன், தப்பு என்னுதுதான். மங்கைக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் நீ இருக்கறியேன்னு சொல்றா."

அவன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டான், மரியாதை தெரிந்த பிள்ளை. அவன் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்ததைப் பார்த்தார், சத்தியமாகப் பார்த்தார், ஒரு கணம் அவன் கண் விரிந்தது. அப்புறம் அது அடங்கியது.

"இப்பத்தானுங்க சார் மைக்குல காலையிலிருந்துதான் படிக்கணும்னு சொன்னீங்க."

கூட்டத்தில் சொல்ல முடியவில்லை என்றார் இவர். சொல்லும்போதே அது எவ்வளவு பொய்யாக ஒலிக்கிறது என்பது அவருக்கே கேட்டது. யோகேஷ் பையின் வாரைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவரைச் சங்கடப்படுத்த விரும்பாதவன்போல, கேட்டான்.

"அம்மா சொல்லச் சொன்னாங்களாங்க சார்?"

இல்லப்பா, சத்தியமா இல்ல என்றார். இன்னொரு தடவையும் சொன்னார். பரவாயில்லைங்க சார் என்று அவன் சிரித்தான், நம்பாதவன் பெரியவரை மன்னிக்கிற சிரிப்பு, எனக்காக அவங்க யாரைப் புடிச்சும் கேட்பாங்க, நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க என்றான். ஓசூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது, அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்று இன்னொரு தடவை கைகூப்பினான். குழந்தைவேலு அவன் கையைப் பிடித்திருக்கலாம், உள்ளே இழுத்துக்கொண்டு போய் மைக்கைப் பிடுங்கியிருக்கலாம், ஏற்புரைக்கு நடுவில் யாரும் பேசிய வழக்கமில்லை, இல்லாவிட்டால் என்ன. இதையெல்லாம் அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது அவன் படி இறங்கிக் காதுகுத்துக் கூட்டத்துக்குள் போய்விட்டான். உள்ளே ஜெகநாதன் ஏற்புரைக்கு அழைத்துவிட்டார், நாற்காலிகள் நகரும் சத்தம், கைதட்டல். குழந்தைவேலு கதவுக்குள் திரும்பி வந்து, அவன் சாய்ந்து நின்ற அதே இடத்தில் நின்றார். சுலோச்சனா மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிவைத்தார். எல்லாருக்கும் வணக்கமுங்க என்று சொல்லிவிட்டு, பேச்சைத் தொடங்காமல், அத்தனை தலைகளுக்கும் மேலாகக் கதவைப் பார்த்தார். மகனைத் தேடி வந்த அந்தக் கண்ணுக்கு அங்கே இவர்தான் கிடைத்தார்.